மூழ்கினாலும் சாகாத நெல்

நெற்பயிர் நுனிவரை வெள்ளத்தில் மூழ்கிவிட்டால், பெரும்பாலான ரகங்கள் ஒரு வாரம் தாங்குவதே பெரிது. ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும், தண்ணீர் வடிந்ததும் துளிர்த்துவிடும். இந்தத் தாங்குசக்தி ஒரு மரபணு நகலிலிருந்து வந்தது.

செல் பிரியும்போது மரபணுத் தொகுதி படியெடுக்கப்படுகிறது. அதில் சில சமயம் பிசகு நேர்ந்து, ஒரு மரபணு இரண்டு முறை பதிவாகிவிடும். மூல மரபணு வழக்கமான வேலையைப் பார்த்துக்கொள்வதால், நகலில் மாற்றம் ஏற்பட்டாலும் செடிக்குப் பாதகம் இல்லை. பெரும்பாலான நகல்கள் இப்படி மாறி மாறிச் செயலிழந்தே போகின்றன. எப்போதாவது ஒன்று புதிய வேலை கற்றுக்கொள்கிறது. பரிணாமத்துக்குப் புதுச் சரக்கு கிடைக்கும் முக்கிய வழியே இதுதான் என்று 1970-இல் சுசுமு ஓனோ ஒரு நூல் முழுக்க வாதிட்டார். செடிகளில் இப்படி நகல் உண்டாவது இன்னும் அதிகம். மரபணுத் தொகுதி மொத்தமும் இரட்டிப்பதைக்கூட அவை தாங்கிக்கொள்கின்றன.

நெல்லுக்கு வருவோம். ஒன்பதாவது குரோமோசோமில் சப்1பி, சப்1சி என்ற மரபணுக்கள் எல்லா நெல்லிலும் உண்டு. சில ரகங்களில் மட்டும் சப்1ஏ என்ற மூன்றாவது இருக்கிறது. அது சப்1பி-யின் நகலாகப் பிறந்தது என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மூழ்கிய பயிரிலிருந்து எத்திலீன் வாயு வெளியேற முடியாமல் உள்ளேயே தேங்கும். சாதாரண நெல் அதை வளர்வதற்கான சைகையாக எடுத்துக்கொள்கிறது. தண்ணீருக்கு மேலே தலைகாட்ட இலைகளை அவசரமாக நீட்டி, சேமித்த மாவுச்சத்தை எல்லாம் செலவழித்துவிடுகிறது. வெள்ளம் வடியும்போது நிமிரத் தெம்பு இருக்காது. எஃப்.ஆர்.13ஏ-வில் உள்ள சப்1ஏ இந்த வளர்ச்சியை நிறுத்தி வைக்கிறது. பயிர் அசையாமல் காத்திருந்து, மிச்சம் பிடித்த சத்தைக் கொண்டு பிறகு துளிர்க்கிறது.

என்னை மிகவும் வியக்கவைப்பது இதே மரபணுக் குடும்பத்தின் இன்னொரு கிளை. வங்கதேசம், தாய்லாந்து போன்ற நாடுகளின் ஆழநீர் நெல்லில் ஸ்நார்க்கல் மரபணுக்கள் இருக்கின்றன. எத்திலீன் சேர்ந்ததும் இவை தண்டை நீளச் செய்கின்றன, சில ரகங்களில் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல். சில நாளில் வடியும் வெள்ளத்துக்குக் காத்திருப்பது சரி. மாதக்கணக்கில் நிற்கும் வெள்ளத்தில் வளர்ந்துதான் தப்பிக்க வேண்டும். சைகை ஒன்று, ஒரே குடும்பத்து மரபணுக்கள் தந்த பதில்கள் இரண்டு.

சப்1ஏ-வை 2006-இல் அடையாளம் கண்டார்கள். மரபணு மாற்றம் இல்லாமல், இனக்கலப்பு மூலமாகவே அதைப் பிரபல ரகங்களுக்குள் கொண்டுவந்தார்கள். ஸ்வர்ணா சப்1 2009-இல் இந்தியாவில் வெளியானது. காவிரி டெல்டாவில் சம்பாவுக்கு விதைக்கும் சி.ஆர்.1009 சப்1-இலும் இதே மரபணுதான்.

நகல் மாறினால்தான் பயன் என்றில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பருத்தி வயல்களில் பாமர் அமராந்த் என்றொரு களை உண்டு. நம் தண்டுக்கீரையின் இனம். கிளைஃபோசேட் களைக்கொல்லி முடக்கும் நொதிக்கான மரபணு, இதன் சில செடிகளில் நூறு நகல்களுக்கு மேல் பெருகியிருக்கிறது. மருந்து முடக்க முடியாத அளவுக்கு நொதி சுரப்பதால் செடி பிழைக்கிறது. களைக்கொல்லி பரவலான சில ஆண்டுகளுக்குள் இது நடந்துவிட்டது. அந்த நகல்கள் மகரந்தத்தோடு காற்றில் பக்கத்து வயல்களுக்கும் போகின்றன.