மாடா, யானையா? தாராசுரம் அடுப்படியில் டார்ட்டில்லா!

சத்தம் போடாமல் வாங்க. செருப்பைத் திண்ணையோரம் விட்டுவிட்டு, ரேழியைத் தாண்டி நேராக அடுப்படிக்கு. மணி இரவு ஏழு. கூடத்துக் குழித்தறி இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. டியூஷன் முடிந்து வந்த பையன் பையை மூலையில் எறிந்துவிட்டு, "ஏம்மா, இன்னிக்கும் உப்புமாதானா?" என்கிறான். அம்மா பதிலே சொல்லவில்லை. மாவு டப்பாவைத் திறந்தபடி நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கிறார். இன்றைக்கு டார்ட்டில்லா, மெக்சிகோக்காரர்களின் ரொட்டி!

கும்பகோணத்தை ஒட்டிய தாராசுரத்தில் டார்ட்டில்லாவா என்று புருவத்தைத் தூக்காதீர்கள். இந்த ஊர் ஐராவதேசுவரர் கோயிலில் ஒரு சிற்பம் இருக்கிறது. ஒரு பக்க உடம்பைக் கையால் மறைத்தால் மாடு, மறுபக்கத்தை மறைத்தால் யானை. உடம்பு இரண்டு, தலை ஒன்று. இந்த அடுப்படியில் நடப்பதும் அதே வித்தைதான். மேலே சுற்றியிருப்பதைப் பார்த்தால் மெக்சிகோ, பிரித்துப் பார்த்தால் கும்பகோணம்.

முதலில் மாவு. இரண்டு கப் கோதுமை மாவு, அல்லது பாதி மைதா. அரை ஸ்பூன் உப்பு, மூன்று டேபிள்ஸ்பூன் எண்ணெய். எண்ணெயை மாவில் ஊற்றி விரல் நுனியால் பிசிறிக்கொண்டே இருக்கிறார் அம்மா. பகலெல்லாம் தறிக்குத் தார் சுற்றிய விரல்கள், வேகம் கேட்கவே வேண்டாம்! கைப்பிடியில் அள்ளி அழுத்தினால் கொழுக்கட்டை மாதிரி பிடிபட வேண்டும். அதன் பிறகுதான் வெந்நீர். பச்சைத் தண்ணீர் கிடையாது, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர். சப்பாத்திக்கும் இதற்கும் வித்தியாசமே இங்கேதான். எண்ணெய் மாவை இழுவையில்லாமல் வைக்கிறது, சூடு அதை வளையும்படி இளக்குகிறது. பிசைந்து மூடி வைத்தால் இருபது நிமிடம் நமக்குக் கிடைக்கும்.

அந்த இருபது நிமிடத்தில்தான் மேஜிக். குக்கரில் அரை கப் பயத்தம்பருப்பு, இரண்டு உருளைக்கிழங்கு. மிக்ஸியில் தேங்காய், பொட்டுக்கடலை, பச்சை மிளகாய், சோம்பு, கசகசா, இரண்டு பல் பூண்டு. வாசனை பிடிபட்டுவிட்டதா? ஆமாம், கடப்பாவேதான்! கும்பகோணத்துக்காரர்கள் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் அதே கடப்பா, இன்றைக்கு உள்ளே போகப் போகிறது. பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை தாளித்து, வெங்காயம் வதக்கி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கிளறுகிறார். ஒரே ஒரு மாற்றம்: இட்லிக்குத் தளரத் தளர இருக்கும் கடப்பா இங்கே சுண்டிக் கெட்டியாக வேண்டும். வாணலி நடுவே கரண்டியால் ஒரு கோடு இழுத்துக் காட்டுகிறார். கோடு மூடிக்கொண்டால் இன்னும் நேரம் இருக்கிறது. வாய்க்கால் மாதிரி அப்படியே நின்றால் அடுப்பை அணைக்கலாம். இதில் அவசரப்பட்டால் முழங்கை வரை வழியும், சொல்லிவிட்டேன்.

அந்த ஐராவதேசுவரர் கோயிலைக் கட்டிய சோழ மன்னன் இரண்டாம் ராஜராஜன் காலத்தில், அதாவது 12-ஆம் நூற்றாண்டில், இந்த வாணலியில் பாதிச் சாமான் இருந்திருக்காது. உருளைக்கிழங்கு இல்லை, மிளகாய் இல்லை. காரத்துக்கு மிளகுதான். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக நமக்கு வந்தது. உருளையும் தக்காளியும் மக்காச்சோளமும் அந்தக் கண்டத்துச் சரக்குதான். ஆக, நாம் மெக்சிகோவை இன்றைக்குத்தான் வீட்டுக்குள் விடுகிறோம் என்று நினைத்தால் அது தப்பு. அது எப்போதோ நம் அஞ்சறைப் பெட்டி வரைக்கும் வந்தாகிவிட்டது!

இன்னொரு பூரணமும் இந்த வீட்டில் உண்டு. சம்பா அறுத்த தரிசில் உளுந்தும் பயறும் விதைக்கிற டெல்டாவாயிற்றே, பச்சைப்பயறுக்கா பஞ்சம்? மெக்சிகோவில் பீன்ஸை வேகவைத்து மசித்து எண்ணெயில் புரட்டி வைப்பார்கள். இங்கே அந்த இடத்தில் பயறு. சீரகமும் பூண்டும் போட்டுப் புரட்டினால் போதும். எனக்கென்னவோ கடப்பாதான் ஒரு படி மேல்.

இப்போது தோசைக்கல். நன்றாகக் காய்ந்த கல், ஒரு சொட்டு எண்ணெய் வேண்டாம். மெல்லிசாகத் தேய்த்த வட்டம் விழுந்ததும் குமிழ் குமிழாக எழும்புகிறது. பக்கத்துக்கு அரை நிமிடம், அவ்வளவுதான். அதிகம் வாட்டினால் அப்பளமாகி, மடிக்கும்போது உடையும். எடுத்ததும் தட்டில் வைக்கவில்லை, கவனித்தீர்களா? பழைய பருத்தி வேட்டித் துண்டில் சுற்றி ஹாட்பாக்ஸுக்குள் அடுக்குகிறார். அதன் ஆவியிலேயே அது மெத்தென்று ஆகிவிடும். பட்டு நெய்கிற வீட்டில் இதற்கு மட்டும் பருத்திதான் ராஜா.

மேலே தூவ, தாராசுரம் மார்க்கெட்டிலிருந்து வந்த தக்காளி, வெங்காயம், கொத்தமல்லி பொடியாக நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, உப்பு. அவகாடோவைத் தேடி அலைய வேண்டாம். வடிகட்டிய கட்டித்தயிர் ஒரு ஸ்பூன் அந்த வேலையைச் செய்துவிடும். கீழ்ப்பக்கத்தை ஒரு மடிப்பு, இரண்டு ஓரத்தையும் உள்ளே, ஒரே உருட்டு. இலங்கைத் தேநீர்க் கடைகளில் மரக்கறி ரொட்டியை முக்கோணமாக மடிப்பார்கள். பொடிசுகளுக்கு அந்த மடிப்பு இன்னும் வசதி, ஒழுகாது.

"நிஜ டார்ட்டில்லா மக்காச்சோளத்துல பண்றதாமே?" பையன் யூடியூப் ஞானத்தை எடுத்து விடுகிறான். நிஜம்தான். ஆனால் அதன் சூட்சுமம் பாட்டியின் வெற்றிலைச் செல்லத்தில் இருக்கிறது: சுண்ணாம்பு! மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவைத்து, கழுவி அரைப்பார்கள். தோல் கழன்றுவிடும், மாவு ஒட்டிக்கொள்ளும், அதிலுள்ள நியாசின் என்ற வைட்டமினும் உடம்பில் சேரும். மக்காச்சோளத்தை மட்டும் கொண்டுபோய்ச் சுண்ணாம்பை விட்டுவிட்ட ஐரோப்பாவில் ஏழைகளைப் பெலாக்ரா என்ற நோய் வாட்டியது. பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் மலிந்து கிடக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை முயன்று பார்க்கலாம். வாரநாள் ராத்திரிக்குக் கோதுமைதான் லாயக்கு. மெக்சிகோவின் வடபகுதியிலேயே கோதுமை டார்ட்டில்லாதான் பிரபலம், ஆகவே குற்ற உணர்ச்சி வேண்டாம்.

ஏழே முக்காலுக்குத் தட்டுகள் கூடத்துக்குப் போயாயிற்று. பாட்டி ஒன்றைக் கடித்துப் பார்த்து, "போளிக்குக் காரம் போட்டாப்ல இருக்கு" என்கிறார், அடுத்ததுக்கும் கை நீட்டுகிறார். பிறகு 2025-ல் புவிசார் குறியீடு வாங்கிய கும்பகோணம் வெற்றிலை, இந்த முறை சுண்ணாம்பு அதன் வழக்கமான வேலைக்கு.

நாளைக் காலை இட்லிக்குக் கடப்பா வைப்பதாக இருந்தால், ஒரு கரண்டி கூடவே வையுங்கள். மிஞ்சியதை ஃபிரிட்ஜில் மூடி வைத்தால் சாயங்காலம் சுண்டவைக்கும் வேலைதான் பாக்கி. மாவு மட்டும் அன்றன்றைக்குப் பிசையுங்கள்.