வாயால் மண் எறியும் பிராணியா?

சுட்டிகளே, ஜெர்மனியில் புல்வெளிகளில் ஆங்காங்கே குட்டி மண்மேடுகள் தெரியும். மண்ணுக்கு அடியில் சுரங்கம் தோண்டும் ஒரு பிராணியின் வேலை அது. பார்த்தால் எலி என்பீர்கள். ஆனால் எலி இனமே இல்லை! மண்புழுதான் அதற்குப் பிடித்த சாப்பாடு.

ஜெர்மன் மொழியில் அதன் பெயர் ‘மவுல்வுர்ஃப்’. இரண்டு சொற்கள் ஒட்டிய பெயர். ‘மவுல்’ என்றால் விலங்கின் வாய். ‘வுர்ஃப்’ என்றால் எறிதல். அப்படியானால் வாயால் மண்ணை எறியுமா?

“வாய்க்குள் மண் போய்விடாதா?” என்று கேட்கிறீர்களா? சபாஷ்! கேட்க வேண்டிய கேள்விதான். அது தோண்டுவது முன்னங்கைகளால். உள்ளங்கை ரொம்ப அகலம். வெளிப்பக்கம் பார்த்துத் திரும்பியிருக்கும். நகங்கள் நீளம். கட்டைவிரலுக்குப் பக்கத்தில் கூடுதலாக ஓர் எலும்புகூட உண்டு! தோண்டிய மண்ணை மேலே தள்ளுவதும் அந்தக் கைகள்தான்.

பிறகு பெயரில் வாய் எப்படி வந்தது? அந்தச் சொல்லின் கொள்ளுத்தாத்தாவைத் தேடிப் போகலாம், வாருங்கள்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஜெர்மன் மொழியில் இதற்கு ‘மூவெர்ஃப்’ என்று பெயர். ‘மூ’ என்றால் குவியல். மண்ணைக் குவியலாக எறிவது! எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

நாளாக நாளாக, ‘மூ’ என்றால் என்னவென்றே ஜனங்களுக்கு மறந்துபோனது. பொருள் புரியாத சொல்லை நம் நாக்கு சும்மா விடுமா? கிட்டத்தட்ட அதே ஓசையில் தெரிந்த சொல் ஒன்றை அங்கே வைத்துவிடும். அப்படி வந்ததுதான் ‘மோல்ட்டா’. புழுதி, மண் என்று பொருள். பெயர் ‘மோல்ட்வெர்ஃப்’ ஆனது. மண்ணை எறிவது. இதுவும் சரிதான்.

பிறகு ‘மோல்ட்டா’வும் மறந்துபோனது. அந்த இடத்தில்தான் ‘மவுல்’ வந்து உட்கார்ந்தது.

வகுப்பில் முதல் பெஞ்சில் காதோடு சொன்ன செய்தி, கடைசி பெஞ்சுக்குப் போவதற்குள் வேறொன்றாகிவிடுமே, அந்தக் கதைதான்!

புரிகிறதா? முதலில் குவியல், அடுத்து மண், கடைசியில் வாய். முன்பாதிதான் மாறிக்கொண்டே வந்தது. எறிதல் என்ற பின்பாதியின் பொருள் மட்டும் அசையவில்லை.

“இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?” அடுத்த கேள்வி வந்துவிட்டதா? பழைய ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பக்கத்து மொழிகளிலும் தேடினார்கள். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு ஓர் உறவுக்காரர் இருக்கிறார்: ‘மோல்ட்வார்ப்’. ஷேக்ஸ்பியரின் ‘நான்காம் ஹென்றி’ நாடகத்தில்கூட அந்தப் பெயர் வருகிறது. அதன் முன்பாதிக்குப் பொருள் என்ன தெரியுமா? மண்!