ஒரே பாட்டை எத்தனை முறைதான் வாங்குவது? பீட்டில்ஸின் 5 சிடி பெட்டியில் அப்படி என்ன இருக்கு?

கேசட்டில் வாங்கியாச்சு, சிடியிலும் வாங்கியாச்சு. இப்போ போனில் விரல் வைத்தாலே பாட்டு வந்துவிடுகிறது. அதே பழைய ஆல்பத்தைப் புதுப் பெட்டியில் போட்டு மறுபடியும் விற்றால், ரசிகருக்கு வரும் முதல் சந்தேகம்: மாறியது பாட்டா, வெறும் அட்டைப்பெட்டியா?

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழு 1966 ஆகஸ்ட் 5-ல் வெளியிட்ட 'ரிவால்வர்' ஆல்பம், 2022 அக்டோபர் 28-ல் 5 சிடி பெட்டியாக மீண்டும் வந்தது. இந்தச் சந்தேகத்துக்கு அதுவே நல்ல உதாரணம்.

ரீமாஸ்டர், ரீமிக்ஸ்: இரண்டும் ஒன்றா?

இல்லை. ரீமாஸ்டர் என்பது கலந்து முடித்த பழைய டேப்பை எடுத்து, இரைச்சலைக் குறைத்து, ஒலியைச் சீராக்குவது. பாட்டின் அமைப்பு மாறாது. 2009-ல் பீட்டில்ஸ் ஆல்பங்களுக்கு நடந்தது இதுதான்.

ரீமிக்ஸ் அப்படியல்ல. கலப்பதற்கு முன்பிருந்த டேப்புக்கே திரும்பிப் போய், குரல் எங்கே, டிரம்ஸ் எங்கே, எது எவ்வளவு சத்தம் என எல்லாவற்றையும் புதிதாக முடிவு செய்வது. 'ரிவால்வர்' பெட்டியில் நடந்தது இது.

இதில் என்ன சிக்கல்?

1966-ல் பீட்டில்ஸ் பயன்படுத்தியது நான்கே டிராக் கொண்ட டேப். இடம் போதாததால் பல கருவிகளை ஒரே டிராக்கில் பதிந்தார்கள். 'டாக்ஸ்மேன்' பாட்டில் கிட்டார், பேஸ், டிரம்ஸ் மூன்றும் ஒரே டிராக்தான். டிரம்ஸை மட்டும் கூட்டணும்னா முடியாது. கிட்டாரும் சேர்ந்தே கூடும்.

பாலும் நீரும் கலந்தால் அன்னம் பிரித்துவிடும் என்பார்கள். இங்கே அந்த வேலையைச் செய்தது ஒரு மென்பொருள். 2021-ல் வந்த 'கெட் பேக்' ஆவணப்படத்துக்காக இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கியது அது. ஒவ்வொரு கருவியின் ஒலியும் எப்படியிருக்கும் என்று கம்ப்யூட்டருக்குப் பழக்கி, கலந்த ஒலியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்கள். அதை வைத்துப் புது ஸ்டீரியோ கலவையைச் செய்தவர்கள் ஜைல்ஸ் மார்ட்டினும் சாம் ஓகெலும். 1966-ல் இதே ஆல்பத்தைத் தயாரித்த ஜார்ஜ் மார்ட்டினின் மகன்தான் ஜைல்ஸ்.

பெட்டியில் என்னென்ன?

* சிடி 1: புது ஸ்டீரியோ கலவை, 14 பாடல்கள்
* சிடி 2, 3: ஒத்திகைப் பதிவுகள், வீட்டு டெமோக்கள், 31 பதிவுகள்
* சிடி 4: 1966-ன் அசல் மோனோ
* சிடி 5: 'பேப்பர்பேக் ரைட்டர்', 'ரெயின்' பாடல்களின் ஸ்டீரியோ, மோனோ வடிவங்கள்
* 100 பக்கப் புத்தகம்

பழைய ரசிகர்களையே அசரவைத்தது 'எல்லோ சப்மரின்' டெமோ. குழந்தைகளும் சேர்ந்து பாடும் அந்தக் குஷியான பாட்டு, ஜான் லெனன் ஒற்றைக் கிட்டாரோடு பாடும் சோகமான மெட்டாகத் தொடங்கியிருக்கிறது. இது தூசி தட்டி எடுத்தது அல்ல. பாட்டு பிறந்த கதை.

அப்போ எது அசல்?

புதுக் கலவை தெளிவாக இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது அந்த நான்கு பேரும் 1966-ல் கேட்டு ஒப்புக்கொண்ட ஒலி அல்ல. அன்று பெரும்பாலான வீடுகளில் ஒலித்தது மோனோ. குழுவும் அதற்குத்தான் அதிகக் கவனம் கொடுத்தது. அதனால்தான் நான்காவது சிடி முக்கியம். அது இல்லாவிட்டால், புதியதே அசல் என்று அடுத்த தலைமுறை நினைத்துவிடும்.

வாங்கலாமா?

பாட்டு மட்டும் போதும் என்றால் செலவே வேண்டாம். இந்தத் தொகுப்பு ஸ்ட்ரீமிங்கிலும் இருக்கிறது. எந்தக் குழுவின் பெட்டியாக இருந்தாலும் அட்டையில் இரண்டு விஷயம் பாருங்கள்: ரீமாஸ்டரா, ரீமிக்ஸா? அசல் கலவையும் உள்ளே இருக்கா?

அதற்கு முன், இயர்போன் மாட்டி 'டாக்ஸ்மேன்' பாட்டின் மோனோவையும் புது ஸ்டீரியோவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வித்தியாசம் தெரிந்தால் பெட்டியைப் பற்றி யோசிக்கலாம். தெரியவில்லையா? காசு மிச்சம்.