மாத்திரையில் மருந்து எவ்வளவு இருக்கு? அளந்து சொல்லும் பாடம் இது!

வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். '500 மி.கி.' என்று அச்சிட்டிருக்கும். உள்ளே உண்மையிலேயே அவ்வளவு இருக்கிறதா? கண்ணால் பார்த்தோ, நாக்கில் வைத்தோ சொல்ல முடியாது. அளந்துதான் சொல்ல வேண்டும். அப்படி அளக்கும் முறைகளுக்கு 'அளவறி வேதிப் பகுப்பாய்வு' என்று பெயர். பி.ஃபார்ம் முதல் பருவத்திலேயே இது பாடமாக வருகிறது.

பியூரெட், பிப்பெட், கணக்கு என்று பார்த்ததும் 'இது நமக்கு வராது' என்று ஒதுங்க வேண்டாம். பொன்னேரி, பழவேற்காடு பக்கத்து மாணவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பொருளில் இருந்தே இதைத் தொடங்கலாம். அதுதான் உப்பு!

இருக்கா? எவ்வளவு இருக்கு?

முதலில், இந்தப் பாடம் ஏன் முக்கியம் என்று பார்ப்போம். 2025-ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த மருந்து காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரானது. அக்டோபர் மாதத் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசின் மருந்து ஆய்வகம் அதைப் பரிசோதித்தது. டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சுப் பொருள் 48.6 சதவீதம் இருப்பதாக அறிக்கை வந்தது. அதைத் தொடர்ந்து பல மாநிலங்கள் விற்பனைக்குத் தடை விதித்தன.

இந்தப் பொருளுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பு 0.1 சதவீதம். அந்த மருந்தில் இருந்ததோ 486 மடங்கு. இங்கே 'நச்சு இருக்கா, இல்லையா?' என்று மட்டும் கேட்டால் போதாது. 'எவ்வளவு இருக்கு?' என்பதுதான் கேள்வி. அந்தப் பொருள் இனிப்பாக இருக்கும் என்பதால் சுவையை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வகம் தரும் எண் ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும்.

உப்பில் இருந்து தொடங்குவோம்

பழவேற்காடு ஏரியின் தண்ணீர் வடகிழக்குப் பருவமழையில் உப்புக் குறைந்தும், கோடையில் உப்பு ஏறியும் இருக்கும். கூனங்குப்பத்திலோ லைட்ஹவுஸ் குப்பத்திலோ கேட்டால் 'இப்ப உப்பு ஜாஸ்தி' என்று சொல்லிவிடுவார்கள். அந்த 'ஜாஸ்தி'யை எண்ணாக மாற்றுவதுதான் ஆய்வகத்தின் வேலை.

அதற்கு உதவுவது 'மோர் முறை'. நாம் குடிக்கும் மோர் இல்லைங்க! கார்ல் ஃப்ரெட்ரிக் மோர் என்ற ஜெர்மானியரின் பெயர் அது. அவரும் ஒரு மருந்தாளுநர்தான். தரம் பார்த்தல் பற்றிய அவருடைய பாடநூல் 1855-இல் வெளிவந்தது.

ஆஸ்பத்திரியில் ஏற்றும் 0.9 சதவீத சலைன் பாட்டிலை எடுத்துக்கொள்வோம்.

1. பிப்பெட்டால் 10 மி.லி. சலைனை அளந்து கூம்புக் குடுவையில் விடுங்கள். கொஞ்சம் காய்ச்சி வடித்த நீர் சேருங்கள்.

2. நிலைகாட்டியாகப் பொட்டாசியம் குரோமேட் சில துளிகள் விடுங்கள். கரைசல் மஞ்சளாகும்.

3. பியூரெட்டில் இருந்து 0.1 மோலார் சில்வர் நைட்ரேட்டைத் துளித்துளியாக விட்டுக் குடுவையைச் சுழற்றுங்கள். குளோரைடு இருக்கும்வரை வெள்ளைப் படிவு உண்டாகும்.

4. குளோரைடு தீர்ந்ததும் அடுத்த துளி வெள்ளி குரோமேட்டாக மாறும். செங்கல் நிறம் தட்டி, சுழற்றினாலும் மறையாமல் நின்றால் அதுதான் முடிவுநிலை. உடனே நிறுத்துங்கள்.

இனி கணக்கு. இந்தக் கரைசல் 1 மி.லி. என்பது 5.844 மி.கி. சோடியம் குளோரைடுக்குச் சமம். 15.4 மி.லி. செலவானால் 15.4 × 5.844 = சுமார் 90 மி.கி. 10 மி.லி.யில் 90 மி.கி. என்றால் 0.9 சதவீதம். பாட்டிலில் போட்டிருப்பது சரி. அவ்வளவுதான்!

அதே முறை, உங்கள் ஊர்த் தண்ணீருக்கு

ஆழ்குழாய்க் கிணற்று நீரையும் இப்படியே பார்க்கலாம். 50 மி.லி. தண்ணீருக்கு 0.0141 நார்மல் சில்வர் நைட்ரேட் பயன்படுத்தினால், செலவாகும் ஒவ்வொரு மி.லி.யும் லிட்டருக்கு 10 மி.கி. குளோரைடைக் காட்டும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 250 மி.கி. வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1,000 மி.கி. வரை அனுமதி. அதாவது 25 மி.லி.யைத் தாண்டினால் கவனம் தேவை.

கடல்நீரை அப்படியே எடுத்தால் என்ன ஆகும்? அதில் லிட்டருக்குச் சுமார் 19,000 மி.கி. குளோரைடு உண்டு. 50 மி.லி. பியூரெட்டை 38 முறை நிரப்ப வேண்டி வரும்! அதனால்தான் முதலில் 100 மடங்கு நீர்த்து, 19 மி.லி.யில் முடித்து, விடையை 100-ஆல் பெருக்குகிறோம். நீர்த்தல் ஏன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

மதிப்பெண் போகும் இடங்கள்

• பியூரெட் நுனியில் காற்றுக்குமிழி இருந்தால் அளவு தவறும்.
• கரைசல் மட்டத்தின் கீழ் வளைவைக் கண் மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.
• ஒரே அளவு திரும்ப வரும்வரை சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.
• மாதிரி இல்லாத 'வெற்றுச் சோதனை' செய்து அந்த அளவைக் கழிக்க வேண்டும்.
• கரைசல் அமிலமாகவோ அதிகக் காரமாகவோ இருந்தால் மோர் முறை சரிவராது.

குரோமேட் நச்சுத்தன்மை கொண்டது. கல்லூரி ஆய்வகத்தில், கையுறை அணிந்து மட்டுமே செய்யுங்கள். வீட்டில் வேண்டாம். கழிவை வாய்க்காலிலோ ஏரியிலோ கொட்டவே கூடாது.

கால்சியம் குளுகோனேட்டுக்கு ஈ.டி.டி.ஏ., ஹைட்ரஜன் பெராக்சைடுக்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் என்று பொருளுக்கு ஏற்ப முறை மாறும். எச்.பி.எல்.சி. போன்ற பெரிய கருவிகளுக்கும் அடிப்படை ஒன்றே. தெரிந்த அளவோடு தெரியாததை ஒப்பிடுகிறோம். கிடைத்த எண்ணை இந்தியன் பார்மகோபியா வரம்போடு சரிபார்க்கிறோம். பாராசிட்டமால் மாத்திரைக்கு அது 95 முதல் 105 சதவீதம். 500 மி.கி. என்றால் 475-க்கும் 525-க்கும் இடையில் இருக்க வேண்டும்.

உங்களுக்குக் கிடைக்கும் சேவைகள்

கியூஆர் கோடு: 2023 ஆகஸ்ட் 1 முதல் தயாராகும் 300 முக்கிய மருந்து பிராண்டுகளில் கியூஆர் அல்லது பார்கோடு கட்டாயம். போனில் ஸ்கேன் செய்தால் தயாரிப்பாளர், பேட்ச் எண், காலாவதி தேதி தெரியும். மருந்தின் அளவு சரியா என்பதை அது சொல்லாது. அதற்கு ஆய்வகம்தான் வேண்டும்.

மருந்துப் பரிசோதனை: மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் 1940, பிரிவு 26-இன்படி, வாங்கிய மருந்தில் சந்தேகம் இருந்தால் யார் வேண்டுமானாலும் அரசுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். படிவம் 14-ஏ நிரப்பி, உரிய கட்டணம் செலுத்த வேண்டும். கையொப்பமிட்ட அறிக்கை கிடைக்கும். பில்லையும் பிரிக்காத அட்டையையும் பத்திரமாக வைத்திருங்கள்.

தரமற்ற மருந்துப் பட்டியல்: மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. பேட்ச் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள்.

குடிநீர்ப் பரிசோதனை: தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தித் தண்ணீரைப் பரிசோதிக்கலாம்.

படிப்பு, வேலை: ஸ்வயம் தளத்தில் பகுப்பாய்வு வேதியியல் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். மருந்து ஆய்வாளர், மருந்து ஆய்வக இளநிலைப் பகுப்பாய்வாளர் பணியிடங்களுக்கு டி.என்.பி.எஸ்.சி. மூலம் ஆள் எடுக்கிறார்கள்.

நாளைக்கு ஒரு குழந்தை குடிக்கப்போகும் மருந்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர் நீங்களாக இருக்கலாம். அந்த நாளுக்காக, இன்றைக்கு பியூரெட்டைச் சரியாகப் படித்துப் பழகுங்கள்.