அங்கன்வாடியில் குழந்தைச் சேர்க்கையும் முதல் நாட்களும் (திருத்தணிப் பகுதி)

அங்கன்வாடி என்பது ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஊட்டச்சத்து, உடல்நலம், முன்பருவக் கல்வி ஆகியவற்றை ஒரே இடத்தில் வழங்கும் அரசு மையமாகும். தமிழ்நாட்டு மக்கள் பேச்சுவழக்கில் இதைப் பால்வாடி என்றே அழைக்கின்றனர். ஒரு குழந்தை இம்மையத்தில் எவ்வாறு சேர்க்கப்படுகிறது, முதல் நாட்களில் குழந்தையும் குடும்பமும் எவ்வாறு வரவேற்கப்பட வேண்டும் என்பவற்றை, ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணிப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரும் வரலாறும்

'அங்கன்' என்னும் வடஇந்தியச் சொல்லுக்கு முற்றம் என்று பொருள். வீட்டு முற்றத்தில் விளையாடுவதுபோல் குழந்தை அச்சமின்றிக் கற்க வேண்டும் என்பதே பெயரின் கருத்து. கல்வியாளர் தாராபாய் மோடக் 1945-இல் மகாராட்டிரத்தின் போர்டி என்னும் ஊரில் ஏழைக் குழந்தைகளுக்கான பணியைத் தொடங்கினார். அவருடன் அனுதாய் வாக் இணைந்து உழைத்தார். குழந்தை பள்ளியைத் தேடி வராவிட்டால் பள்ளி குழந்தையைத் தேடிச் செல்ல வேண்டும் என்ற எண்ணம் அங்கு வேரூன்றியது.

1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் இந்தியா முழுவதிலும் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1982 சூலை 1 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், கிராமப்புறங்களில் பள்ளிக் குழந்தைகளுடன் 2 வயது முதலான சிறு குழந்தைகளுக்கும் மதிய உணவு வழங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் அது நகர்ப்புறங்களுக்கும் விரிந்தது. தமிழ்நாட்டில் குறு மையங்களையும் சேர்த்து 54,439 குழந்தைகள் மையங்கள் உருவாயின.

திருத்தணிப் பகுதியின் தன்மை

திருத்தணி, திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள நகராட்சி. முருகனின் அறுபடை வீடுகளில் ஒன்றாகிய இவ்வூர் மலைக்கோயிலுக்கு 365 படிகள் உள்ளன. முன்பு ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கு எல்லைப் போராட்டத்திற்குப் பின், 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. ஆசிரியர் நாளுக்கு உரியவரான டாக்டர் இராதாகிருட்டிணன் 1888-இல் பிறந்ததும் திருத்தணியில்தான்.

இந்த எல்லை வரலாறு இன்றும் அங்கன்வாடியின் வாசலில் தெரிகிறது. தமிழ் பேசும் வீட்டுக் குழந்தையும் தெலுங்கு பேசும் வீட்டுக் குழந்தையும் ஒரே பாயில் உட்காருகின்றனர். கோயிலைச் சார்ந்து பூ, பூசைப் பொருள் விற்போர், பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டைப் பக்கத்து நெசவாளர்கள், கரும்பு வெட்டும் தொழிலாளர்கள், மாவட்டத்தின் செங்கல் சூளைகளுக்கு வெளிமாநிலங்களிலிருந்து வருவோர் எனப் பலவகைக் குடும்பங்கள் இங்கு வாழ்கின்றன. இவர்களுள் பலருக்குக் குழந்தையைப் பகலில் பாதுகாப்பாக விட்டுச் செல்ல வேறு இடம் இல்லை.

சேர்க்கை எங்கே தொடங்குகிறது?

அங்கன்வாடிச் சேர்க்கை விண்ணப்பப் படிவத்தில் தொடங்குவதில்லை. வீட்டுக் கணக்கெடுப்பில் தொடங்குகிறது. அங்கன்வாடிப் பணியாளர் தம் எல்லைக்குள் உள்ள வீடுகளுக்குச் சென்று கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஆகியோரின் விவரங்களைப் பதிவு செய்கிறார். எனவே முறையாக நடக்கும் இடத்தில், ஒரு குழந்தை பிறப்பதற்கு முன்பே அதன் தாய் மையத்திற்கு அறிமுகமாகி விடுகிறார்.

குழந்தை மையத்தோடு கொள்ளும் உறவு வயதுக்கேற்ப மாறுகிறது.

1. கருவுற்றது முதல் பாலூட்டும் காலம் வரை: தாய்க்குச் சத்துமாவும் ஊட்டச்சத்து ஆலோசனையும் கிடைக்கின்றன.
2. ஆறு மாதம் முடிந்தபின்: தாய்ப்பாலுடன் இணை உணவு தொடங்க வேண்டிய பருவம். குழந்தைக்குரிய சத்துமாவு வீட்டிற்குக் கொடுக்கப்படுகிறது. எடை பார்க்கப்படுகிறது.
3. இரண்டு வயது முடிந்தபின்: குழந்தை நாள்தோறும் மையத்திற்கு வந்து சூடான மதிய உணவு உண்டு, விளையாடிக் கற்கிறது. வாரத்தில் மூன்று நாட்கள் முட்டை உண்டு.
4. ஐந்து வயது முடிந்தபின்: முதல் வகுப்பில் சேரத் தயாராகிறது.

சேர்க்கைக்குக் கட்டணம் இல்லை; வருமானச் சான்றிதழும் தேவையில்லை. ஆண்டின் எந்த மாதத்திலும் சேர்க்கலாம். விசயதசமி நாளில் குழந்தையின் விரல் பிடித்து அரிசியில் எழுத வைத்துச் சேர்க்கும் வழக்கமும் உண்டு.

என்னென்ன ஆவணங்கள்?

பொதுவாகக் கேட்கப்படுபவை: குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, தாய் அல்லது குழந்தையின் ஆதார் எண், தொடர்புக்குரிய கைப்பேசி எண். இவ்விவரங்கள் 2021-இல் நடைமுறைக்கு வந்த 'போசன் டிராக்கர்' என்னும் செயலியில் பதிவாகின்றன.

பிறப்பை 21 நாட்களுக்குள் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். குழந்தைக்கு உடனே பெயர் வைக்காத குடும்பங்கள் பெயரின்றிப் பதிந்துவிட்டு, ஓராண்டுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். பெயரைச் சேர்க்காமலேயே விட்டுவிடும் பெற்றோர், பள்ளியில் சேர்க்கும்போதுதான் அலைச்சலை உணர்கின்றனர். 2023 அக்டோபர் 1 முதல் பிறப்புச் சான்றிதழே பள்ளிச் சேர்க்கைக்கான முதன்மை ஆவணமாகியுள்ளதால் இது மேலும் முக்கியம் பெறுகிறது.

ஆவணம் இல்லை என்றால் குழந்தையைத் திருப்பி அனுப்பலாமா? கூடாது. ஆதார் எண் இல்லை என்ற காரணத்திற்காக எந்தக் குழந்தைக்கும் நலத்திட்டப் பயன் மறுக்கப்படக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று தீர்ப்பளித்துள்ளது. ஆகவே முதலில் குழந்தையை உட்கார வைத்து உணவளிப்பதும், பின்னர் ஆவணம் பெறப் பெற்றோருக்கு வழிகாட்டுவதுமே சரியான வரிசை. சூளைக்கும் கரும்புக் காட்டுக்கும் சில மாதங்களுக்கு மட்டும் வரும் குடும்பங்களின் குழந்தைகளுக்கு இந்த வரிசை மாறினால், அவர்கள் தங்கியிருக்கும் காலமே முடிந்துவிடும்.

மையமே இல்லாத குடியிருப்புகளுக்கும் வழி உண்டு. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 40 பேராவது இருந்தும் மையம் இல்லாத இடத்தில், மக்கள் கேட்டால் மூன்று மாதங்களுக்குள் அங்கன்வாடி அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13 அன்று ஆணையிட்டது.

சேர்க்கும் நாளில் பார்க்கப்படுபவை

குழந்தையின் எடையும் உயரமும் அளக்கப்பட்டு வளர்ச்சி அட்டவணையில் குறிக்கப்படுகின்றன. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளுக்கு இடது மேற்கையின் நடுச்சுற்றளவை அளப்பதும் உண்டு. அது 12.5 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் கவலையில்லை, 11.5 முதல் 12.5 செ.மீ.க்குள் இருந்தால் கவனம் தேவை; 11.5 செ.மீ.க்குக் கீழ் என்றால் கடுமையான மெலிவு, உடனடி மருத்துவ உதவி தேவை.

இந்த அளவீட்டைத் தாய்க்கு விளக்கும் விதம் முக்கியமானது. "பிள்ளை இப்படி இளைச்சிருக்கே, என்ன பார்த்துக்கறீங்க?" என்று நாலு பேர் முன்னால் கேட்டால், அந்தத் தாய் அடுத்த மாதம் எடை பார்க்கவே வரமாட்டார். "போன மாசத்தைவிட இவ்வளவு கூடணும், அதுக்கு என்ன செய்யலாம்னு பார்ப்போம்மா" என்று தனியாகச் சொன்னால் மீண்டும் வருவார். இரண்டு பேச்சிலும் எண் ஒன்றுதான். அதன் விளைவு வேறு.

திட்ட விதிப்படி ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைக்கு ஆற்றலும் புரதமும் கூடுதல் உணவாகத் தரப்பட வேண்டும். கடும் ஊட்டச்சத்துக் குறை உள்ள குழந்தைக்கு இதன் அளவு உயர்கிறது. இது கூடுதல் உணவு மட்டுமே. வீட்டு உணவுக்கு மாற்று அன்று.

தடுப்பூசி அட்டையில் விடுபட்டவை இருந்தால் கிராம சுகாதார செவிலியருக்குத் தெரிவிக்கப்படுகிறது. பார்வை, செவித்திறன், பேச்சு, நடை ஆகியவற்றில் ஐயம் இருந்தால் மருத்துவக் குழுவின் பரிசோதனைக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. மூன்று வயதில் கண்டறியப்படும் செவிக்குறைபாட்டுக்கும் எட்டு வயதில் கண்டறியப்படுவதற்கும் இடையே ஒரு குழந்தையின் மொழியே அடங்கியுள்ளது.

முதல் வாரம்

இரண்டு, மூன்று வயதுக் குழந்தை தாயைப் பிரிந்ததும் அழுவது இயல்பு. அது பிடிவாதம் அன்று. தான் நம்பும் ஆள் திரும்பி வருவார் என்பது அனுபவத்தால்தான் குழந்தைக்குப் புரியும். அந்த அனுபவத்தை உருவாக்குவதே முதல் வாரத்தின் வேலை. இதற்கு எளிய முறைகள் உள்ளன.

• முதல் நாள் தாயோ பாட்டியோ உடன் அமர்ந்திருக்கலாம். அடுத்தடுத்த நாட்களில் அந்த நேரத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம்.
• குழந்தை விளையாடிக் கொண்டிருக்கும்போது சொல்லாமல் நழுவிப் போகக் கூடாது. திரும்பிப் பார்க்கும் குழந்தைக்கு அது ஏமாற்றம். மறுநாள் விளையாடக்கூடத் தாயின் முந்தானையை விடாது.
• "சாப்பிட்டதும் வந்துடுவேன்" என்று குழந்தை அறிந்த நிகழ்ச்சியை வைத்துச் சொல்ல வேண்டும். சொன்னபடி வர வேண்டும்.
• வீட்டிலிருந்து ஒரு துணி, பொம்மை போன்ற பழகிய பொருளைக் கொண்டுவர அனுமதிக்கலாம்.
• "அழுதா போலீஸ் வரும், ஊசி போடுவாங்க" என்று அச்சுறுத்தக் கூடாது. பின்னர் செவிலியரைக் கண்டாலே குழந்தை ஓடும்.

மையத்தில் பொதுவாக ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் உள்ளனர். குழந்தைகள் பணியாளரை 'டீச்சர்' என்றும் உதவியாளரை 'ஆயா' என்றும் அழைக்கின்றனர். தமிழ்நாட்டின் வடபகுதியில் ஆயா என்றால் பாட்டி என்றும் பொருள். சோறு ஊட்டி, மூக்கைத் துடைத்து, மடியில் படுக்க வைப்பவரை அந்தப் பெயரால் அழைப்பது பொருத்தமே. பல குழந்தைகள் முதலில் நெருங்குவது இவரிடம்தான்.

வீட்டு மொழி

தெலுங்கு பேசும் வீட்டிலிருந்து வரும் குழந்தை தண்ணீரை 'நீள்ளு' என்றும், பசியை 'ஆக்கலி' என்றும், பாட்டியை 'அவ்வா' என்றும் சொல்லும். இச்சொற்கள் புரியாத இடத்தில் குழந்தைக்குத் தாகமும் பசியும் அழுகையாக மட்டுமே வெளிப்படும். மறுமொழி வராத குழந்தையை 'மந்தம்' என்று எடைபோடும் தவறும் இங்கேதான் நேர்கிறது.

தண்ணீர், பசி, சோறு, வலி, கழிப்பறை, அம்மா, வீடு என்னும் ஏழெட்டுச் சொற்களைக் குழந்தையின் வீட்டு மொழியில் பணியாளர் அறிந்திருந்தால் முதல் வாரத்தின் பெரும்பகுதி எளிதாகிவிடும். திருத்தணிப் பகுதியில் இரு மொழியும் அறிந்தவர்கள் மிகுதி என்பதால் இது கடினமன்று. ஒடியா போன்ற மொழி பேசும் குழந்தைகள் வந்தால் தாயிடமே அச்சொற்களைக் கேட்டு எழுதி வைக்கலாம். இதனால் தமிழ் கற்பது தடைப்படுவதில்லை. 'நீள்ளு' கேட்ட குழந்தையிடம் குவளையைக் கொடுத்து "தண்ணீர்" என்று சொன்னால், அன்றே ஒரு தமிழ்ச் சொல் சேர்ந்துவிடுகிறது.

நாள்தோறும் நடப்பது

தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்னும் பாடத்திட்டம் உள்ளது. குடும்பம், விலங்குகள், காய்கனிகள் போன்ற தலைப்புகளில் பாட்டு, கதை, விளையாட்டு வழியே கற்பிக்கப்படுகிறது. எழுத வைப்பது இதன் முதல் நோக்கமன்று. மண்ணைப் பிசைவதும், மணி கோப்பதும், புளியங்கொட்டை எண்ணுவதும் பின்னாளில் எழுதும் விரலுக்கான பயிற்சிகள். (புளியங்கொட்டை போன்ற சிறு பொருள்களைக் குழந்தை மூக்கிலோ வாயிலோ இட்டுக்கொள்ளாதபடி பெரியவர் அருகில் இருக்க வேண்டும்.) "மூணு மாசமாச்சு, இன்னும் 'அ' எழுதலையே" என்று கேட்கும் பெற்றோருக்கு இதைச் சேர்க்கும் நாளிலேயே விளக்கிவிட்டால் பிந்தைய மனக்குறை குறையும்.

2019 சனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் தொடங்கப்பட்டன. தனியார் மழலையர் பள்ளிக்குக் கட்டணம் செலுத்த இயலாத குடும்பங்களுக்கு இது ஒரு வாய்ப்பாக அமைந்தது.

பெற்றோர் கேட்டறிய வேண்டியவை

குழந்தையைச் சேர்க்கும்போது பெற்றோர் தயங்காமல் கேட்கலாம்: குடிநீர் எங்கிருந்து வருகிறது? கழிப்பறை குழந்தையின் உயரத்திற்கு ஏற்றதா? சமையலிடம் விளையாடும் இடத்திலிருந்து பிரிக்கப்பட்டுள்ளதா? குழந்தையை அழைத்துச் செல்ல யார் யாருக்கு அனுமதி? அதுபோல் பெற்றோரும் சிலவற்றைச் சொல்ல வேண்டும்: ஒவ்வாத உணவு, வலிப்பு போன்ற உடல்நிலை, வீட்டில் அழைக்கும் செல்லப் பெயர், அவசரத்திற்கு ஓடிவரக்கூடிய உறவினரின் எண். ஆடிக் கிருத்திகை போன்ற நாட்களில் ஊரே கூட்டமாக இருக்கும்போது, அழைத்துச் செல்பவர் யார் என்னும் கேள்வி இன்னும் முக்கியமாகிறது.

குறைகள் இருப்பின் மேற்பார்வையாளரிடமும், வட்டார அளவில் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடமும் தெரிவிக்கலாம். குழந்தையின் பாதுகாப்பு பற்றிய அவசரத்திற்கு 1098 என்ற கட்டணமில்லா எண் உள்ளது.

முடிவாக

பதிவேட்டில் பெயர் ஏறுவதோடு சேர்க்கை முடிந்துவிடுவதில்லை. பெயர் ஏறியும் பத்து நாளில் நின்றுவிடும் குழந்தைக்கு முட்டையும் இல்லை, பாட்டும் இல்லை, எடை பார்ப்போரும் இல்லை. இரண்டாம் வாரத்தில் குழந்தை தானே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே ஓடினால், அன்றுதான் அதன் சேர்க்கை நிறைவடைகிறது.