முள்ளம்பன்றியிடமிருந்து கிழங்குப் பயிரைக் காத்தல்

மரவள்ளிச் செடி காலையில் சரிந்து கிடக்கக் காணும் கமக்காரர் பலர் காட்டுப்பன்றியையே பழிப்பர். அதனைத் தடுக்க முட்கம்பி வேலியும் அடைப்பர். அவ்வேலியின் அடிக்கம்பிக்குக் கீழாக முள்ளம்பன்றி இரவுதோறும் வந்து போகும். வேலிக்கு இட்ட பணமும் வீண், கிழங்கும் இல்லை.

ஆகவே, முதலில் தடயத்தை நோக்குதல் வேண்டும். காட்டுப்பன்றி நிலத்தை உழுததுபோற் கிளறும். ஈரமண்ணிற் பிளவுபட்ட குளம்படி பதிந்திருக்கும். முள்ளம்பன்றியோ செடியடியிற் குழி தோண்டிக் கிழங்கைக் கொறிக்கும். எஞ்சிய துண்டில் உளியாற் செதுக்கியது போன்ற பற்குறிகள் காணப்படும். கறுப்பும் வெள்ளையுமான முள்ளொன்று அருகே கிடப்பின் ஐயமே வேண்டா. வற்றாளை, இராசவள்ளி ஆகியவற்றையும் இது விடுவதில்லை. தென்னங்கன்றின் அடியைக் கொறித்துக் குருத்தை உண்பதே இதன் சேதங்களுட் கொடியது. அக்கன்று பின்னர் தேறாது. நெல்வயலுக்கு இதனாற் பெருங்கேடில்லை.

பெயர் பன்றியெனினும் இது எலி, அணில் போன்ற கொறிக்கும் விலங்காகும். இலங்கையில் வாழும் முள்ளம்பன்றி இனம் ஒன்றே. அது இந்தியாவிலும் உண்டு. வளர்ந்த விலங்கு 11 முதல் 18 கிலோகிராம் வரை நிறையுள்ளது. பகலில் வளையிலோ பாறையிடுக்கிலோ உறங்கும். முன்பற்கள் ஓயாது வளர்வதால் மான்கொம்பையும் எலும்பையுங்கூடக் கொறிக்கும். மரச்சட்டம் இதற்கு எம்மாத்திரம்! முள்ளை அம்புபோல் எய்யும் என்பது வெறுங்கதை. பின்புறமாகப் பாய்ந்து குத்துமிடத்து முட்கள் கழன்று எதிரியின் உடலில் தங்கிவிடும். நாயை ஏவுவோர் இதனை எண்ணுதல் நன்று. முகத்தில் முள்ளேறிய நாய் புண் சீழ்கொண்டு வருந்தும்.

இவ்விலங்கு தாவுவதில் வல்லதன்று, தோண்டுவதில் வல்லது. எனவே வேலிக்கு உயரத்தினும் ஆழமே முக்கியம். தடித்த இரும்புக் கம்பிவலையை நிலத்தின்மேல் மூன்றடி நிற்குமாறும், கீழே ஓரடி புதையுமாறும் அமைக்குக. புதையும் விளிம்பை வெளிப்புறமாக வளைத்தல் வேண்டும். தோட்டம் முழுவதையும் அடைக்கச் செலவு மிகும். கிழங்குகளை ஆங்காங்கே நடாது ஒரே பாத்தித் தொகுதியாக நட்டு, அதனை மட்டும் அடைத்தலே சிறந்ததென்பது எமது கருத்து. தென்னங்கன்றுக்குத் தனித்தனியே வலைக்கூடு இடலாம்.

கட்டுத்துவக்கு வைத்தலும், வேலியில் வீட்டு மின்சாரத்தைப் பாய்ச்சுதலும் அறவே ஆகா. இருளில் அவ்வழி வருபவர் அயலவராகவோ உம் பிள்ளையாகவோ இருத்தல் கூடும்.

மழைக்குப் பின் வேலியடி மண் கரையும். அவ்வேளை சுற்றிப் பார்த்து, தோண்டிய இடத்தை அன்றே கருங்கல்லிட்டு இறுக்குக. மண் மட்டும் இட்டால் மறுநாள் இரவே மீண்டும் திறக்கும்.