காலில் மறுபடியும் ரத்த உறைவா?

காலில் ரத்தம் உறைந்து, சில மாதம் மருந்து சாப்பிட்டு, வீக்கமும் வடிந்துவிட்டால் பலர் தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். ஓரிரு வருடம் கழித்து அதே காலோ மற்றக் காலோ வீங்கும்போதுதான் பதறுகிறார்கள். திரும்ப வருவதைப் பெரும்பாலும் தடுக்க முடியும் என்பதால்தான் இது மனதை வருத்துகிறது.

தசைகளுக்கு நடுவே ஓடும் ஆழ்சிரைகளில் உண்டாகும் உறைவைத்தான் டாக்டர்கள் டி.வி.டி. என்கிறார்கள். தோலுக்கடியில் நெளிந்து தெரியும் வெரிகோஸ் நாளம் வேறு. ஆழ்சிரை உறைவின் ஒரு துண்டு பிய்ந்து நுரையீரலில் போய் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

யாருக்குத் திரும்ப வரும்?

பெரிய அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு போன்ற தெளிவான, தற்காலிகமான காரணத்தால் வந்த உறைவு என்றால் பொதுவாக மூன்று மாத மருந்து போதும். திரும்ப வரும் வாய்ப்பும் குறைவு. எந்தக் காரணமும் இல்லாமல் வந்ததுதான் தொல்லை. அப்படிப்பட்டவர்கள் மருந்தை நிறுத்தினால் முதல் வருடத்திலேயே 100 பேரில் சுமார் 10 பேருக்கும், ஐந்து வருடத்துக்குள் சுமார் 25 பேருக்கும் மறுபடி வருகிறது. ஆண்களுக்கு இந்த வாய்ப்பு இன்னும் அதிகம். காரணமின்றி இரண்டாவது முறையும் வந்துவிட்டால், ரத்தக்கசிவு அபாயம் மிக அதிகமாக இல்லாதவரை, மருந்தைக் காலவரையின்றித் தொடர்வதே இன்றைய நடைமுறை.

இது புதிய உறைவுதானா?

மறுபடி கால் வீங்கினால் முதலில் எழ வேண்டிய கேள்வி இது. டாப்ளர் ஸ்கேனில் தொடையிலிருந்து கெண்டைக்கால்வரை சிரையைக் கருவியால் அழுத்திக்கொண்டே வருவார்கள். நல்ல சிரை அழுத்தியதும் தட்டையாக மடங்கிவிடும். உறைவு இருக்கும் இடம் மடங்காது. பழைய உறைவு தழும்பாகித் தங்கியிருந்தாலும் மடங்காது என்பதுதான் சிக்கல். பழைய ஸ்கேன் கையில் இல்லாவிட்டால் புதியது எது, பழையது எது என்று பிரிப்பது கஷ்டம். ஆகவே மருந்துக் காலம் முடியும்போது ஒரு ஸ்கேன் எடுத்து, அந்த அறிக்கையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துதான் பிரதானம்

ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள் ஏற்கெனவே உள்ள உறைவைக் கரைப்பதில்லை. அது மேலும் வளராமல் பார்த்துக்கொள்கின்றன. மெல்ல மெல்லக் கரைப்பது உடம்பின் வேலை.

வார்ஃபரின், அசினோகூமரால் ஆகியவை விலை குறைந்த பழைய மருந்துகள். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2 முதல் 3-க்குள் இருக்கிறதா என்று அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இந்த மருந்துகளுக்காகக் கீரையை ஒதுக்கத் தேவையில்லை. ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் அறவே இல்லை என்று மாற்றுவதுதான் அளவைக் குலைக்கும்.

ரிவராக்ஸபான், அபிக்ஸபான் போன்ற புதிய மாத்திரைகளுக்கு இந்தப் பரிசோதனை வேண்டாம். ஆனால் ஒரு நாள் விட்டாலே பாதுகாப்பு குறைந்துவிடும். ரிவராக்ஸபான் 15, 20 மி.கி. மாத்திரைகளைச் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்குப் பிறகு பலருக்கு ரிவராக்ஸபான் 10 மி.கி. அல்லது அபிக்ஸபான் 2.5 மி.கி. எனக் குறைத்துத் தொடரலாம். ‘ஆயுசுக்கும் மாத்திரையா’ என்று மலைப்பவர்களுக்கு இது நல்ல செய்தி. ஆஸ்பிரினும் ஓரளவு தடுக்கும் என்றாலும் இவற்றுக்கு ஈடாகாது.

காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான பெனிடாயின் ஆகியவை இந்தப் புதிய மாத்திரைகளின் வேலையைக் கெடுக்கும். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும்.

மாத்திரை சாப்பிடும்போதே வந்தால்

வேளை தவறாமல் சாப்பிட்டாரா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். சாப்பிட்டும் வந்திருந்தால், எங்கேனும் புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்றும், ஆன்டிபாஸ்ஃபோலிபிட் என்ற எதிர்ப்பொருள் கோளாறு உண்டா என்றும் தேட வேண்டும். அந்தக் கோளாறு உறுதியானால், குறிப்பாக அதற்கான மூன்று வகைச் சோதனையும் பாசிட்டிவ் என்றால், புதிய மாத்திரைகளைவிட வார்ஃபரினே நல்லது. காரணம் தெரியும்வரை எனாக்ஸாபரின் ஊசிக்கு மாற்றுவதும் உண்டு.

திரும்பத் திரும்ப இடது கால் மட்டுமே வீங்கினால் மே-தர்னர் கோளாறை நினைக்க வேண்டும். வலது காலுக்குப் போகும் தமனி, இடுப்புக்குள் இடது காலின் சிரையை முதுகெலும்போடு சேர்த்து அழுத்துவதால் வருவது இது. தேவைப்பட்டால் அங்கே ஸ்டென்ட் வைத்து வழியைத் திறந்துவிடலாம்.

வடிகட்டியும் காலுறையும்

வயிற்றுப் பெருஞ்சிரையில் வடிகட்டி வைப்பது, ரத்தக்கசிவால் மருந்தே கொடுக்க முடியாதவர்களுக்கான வழி. அது நுரையீரலைக் காக்கும்; ஆனால் காலில் உறைவு வரும் வாய்ப்பைக் கூட்டும். தேவை தீர்ந்ததும் எடுத்துவிட வேண்டும். குழாய் செலுத்தி உறைவைக் கரைப்பதும் எல்லோருக்கும் அல்ல. கால் நீலம் பாரித்து ஆபத்தில் இருப்பவர்களுக்கே முதன்மையாகப் பயன்படும்.

அழுத்தக் காலுறை வீக்கத்தையும் கனத்தையும் குறைக்கும். காலையில் கட்டிலைவிட்டு இறங்குமுன் போட்டுக்கொண்டால்தான் பலன். புதிதாக வீங்கிய காலை எண்ணெய் போட்டு உருவிவிடுவது மட்டும் கூடவே கூடாது.

பெண்களுக்கு

ஒருமுறை உறைவு வந்தவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். கோயில் விசேஷம், கல்யாணம் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போட எடுக்கும் நோரெதிஸ்டிரோன் மாத்திரையும் அவர்களுக்கு ஆகாது. கருத்தரிக்கத் திட்டமிட்டால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கருவைப் பாதிக்கும் என்பதால் வார்ஃபரினை நிறுத்தி எனாக்ஸாபரின் போன்ற ஊசிக்கு மாற்றுவார்கள். புதிய மாத்திரைகளும் கர்ப்ப காலத்தில் கூடாது.

எப்போது உடனே போக வேண்டும்?

திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், மயக்கம் என்றால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். மருந்து எடுப்பவருக்குத் தலையில் அடிபட்டாலோ மலம் கருப்பாகப் போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பல் பிடுங்குவதானாலும் எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். நிறுத்தலாமா, எத்தனை நாள் என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.